எட்டாவது தடவை கேட்டால்

இரண்டு வருடங்களுக்கு முன்னால் நான் வயது வந்தோருக்கான ஒரு விளையாட்டை எழுதினேன். எழுதினேன் என்றால் நிஜமாகவே எழுதினேன். அதில் படம் கிடையாது, பாட்டு கிடையாது. கறுப்புத் திரையில் வெறும் எழுத்து வரும். ஆடுகிறவர் கீழே ஒரு கட்டளையைத் தட்ட வேண்டும். ‘கதவைத் திற’ என்று தட்டினால் கதவு திறக்கும். ‘அவளிடம் பேசு’ என்று தட்டினால் அவள் பதில் சொல்வாள். அம்பத்தூர் எஸ்டேட்டில், முன்பு லேத் பட்டறையாக இருந்த கட்டடத்தின் மாடியில் எங்கள் அலுவலகம். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் இந்த மாதிரி விளையாட்டுகள் வேண்டும் என்று கேட்டிருந்தது. தமிழுக்கு யார் என்றபோது வேறு யாரும் கையைத் தூக்கவில்லை. எனக்கு உள்ளூர ஆசையாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் ‘கதை விளையாட்டு’ என்று மட்டும் சொல்லி வைத்தேன். என் மனைவி அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் கேட்காதது எனக்கு வசதியாக இருந்தது.

கதைக்காக நான் எங்கும் அலையவில்லை. என் சொந்தக் காதலையே எடுத்து வைத்துக்கொண்டேன். இருபது வருடங்களுக்கு முன்பு அண்ணனூர் ஸ்டேஷனுக்கு, காலை எட்டுப் பத்து வண்டிக்கு, ஒரு பெண் வருவாள். பட்டரவாக்கத்தில் இறங்கி எஸ்டேட்டில் உள்ள துணி எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு நடப்பாள். அவள் பின்னால் நான் எட்டு மாதம் நடந்தேன். வேண்டாம் என்றாள். பின்னால் வராதீர்கள் என்றாள். ஒன்பதாவது மாதம் சரி என்றாள். அவள்தான் என் மனைவி. என் சிநேகிதர்கள் மத்தியில் எனக்கு இதனால் ஒரு பெயரே உண்டு. யாராவது ஒருவனுடைய காதல் தொங்கலில் நின்றால், “அண்ணாத்தய கேளு மச்சான், எட்டு மாசம் நடந்தவரு” என்று என்னிடம்தான் அனுப்பி வைப்பார்கள். நானும் மீசையைத் தடவிக்கொண்டு ஆலோசனை சொல்வேன்.

விளையாட்டு மூன்று பாகம். முதல் பாகத்தில் ரயில். இரண்டாவதில் டீக்கடை, மழை, ஒரு குடை. மூன்றாவது பாகம் நூம்பல் பக்கம் புதிதாக எழும்பிய அடுக்குமாடி ஒன்றில், நண்பனிடம் சாவி வாங்கிய ஒரு வீட்டில் நடக்கும். வயது வந்தோருக்கான சமாசாரமெல்லாம் அங்கேதான். அந்த வீட்டுக்குப் போக அந்தப் பெண் சரி என்று சொல்ல வேண்டும். ஏழு தடவை மறுப்பாள். எட்டாவது தடவை கேட்டால் சரி என்பாள். ஒவ்வொரு மறுப்புக்கும் ஆடுகிறவருக்குப் பத்துப் பொறுமைப் புள்ளிகள். கேட்காமல் சும்மா நின்றால் ‘நேரம் வீணாகிறது’ என்று திரை கடிந்துகொள்ளும். ஆட்டம் தொடங்கும்போது ‘உங்களுக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டதா?’ என்று ஒரு கேள்வி வரும். அதற்கு ‘இல்லை’ என்று அழுத்தினால் ஆட்டம் உடனே நின்றுவிடும். அந்த விளையாட்டில் மறுப்புக்கு மதிப்பு இருந்த ஒரே இடம் அந்த வாசல்தான். இதை நான் அப்போது கவனிக்கவில்லை.

எழுதியதைச் சோதித்துப் பார்க்க ஒரு பெண்ணை நியமித்தார்கள். ஆவடிக்கு அப்பாலிருந்து வருவாள். அவள் அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள் என்றும், அந்த நிலம் முழுக்க இப்போது மனைப் பிரிவாகிவிட்டது என்றும் ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் சொன்னாள். வேலையில் படு கெட்டி. நான் நெளிந்து நெளிந்து எழுதிய மூன்றாவது பாகத்தை ரேஷன் கார்டில் பெயர் சரிபார்க்கிற முகத்தோடு வாசித்து முடித்தாள்.

தவறு கண்டால் அவள் ஒரு படிவம் நிரப்புவாள். என்ன செய்தேன், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும் என்று மூன்று கட்டம். முதல் வாரமே நான்கைந்து படிவங்கள் வந்தன. இரண்டாவது பாகத்தில் குடையை எடுக்க மறந்தவர் மூன்றாவது பாகத்தில் முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் நின்றுவிடுகிறார் என்றாள். நல்ல பிழை, திருத்தினேன். டீக்கடைக்காரர் நாற்பது தடவை போனாலும் ‘வாங்க, ஊருக்குப் புதுசா?’ என்றே கேட்கிறார் என்றாள். அதையும் திருத்தினேன். அதற்குப் பிறகு டீக்கடைக்காரர் ‘நேத்து மாதிரியே சக்கரை கம்மியா?’ என்று கேட்க ஆரம்பித்தார். இந்தப் பெண் கிடைத்தது நம் அதிர்ஷ்டம் என்று மேலாளரிடம் சொன்னேன்.

அடுத்த வாரம் வந்த படிவம் இது. செய்தது: அவளிடம் கேட்டேன். நடந்தது: வேண்டாம் என்றாள், எனக்குப் பத்துப் புள்ளி கிடைத்தது. நடந்திருக்க வேண்டியது: வேண்டாம் என்று சொன்ன பிறகு ஆட்டம் வேறு வழியில் போக வேண்டும். ‘வீட்டுக்குப் போ’, ‘அவளை விட்டுவிடு’, ‘வேறு பெட்டியில் ஏறு’ என்று தட்டிப் பார்த்தேன். மூன்றுக்கும் ‘புரியவில்லை’ என்றே வருகிறது.

நான் சிரித்துக்கொண்டே அதை மூடினேன். மூடும்போது காரணம் எழுத வேண்டும். ‘வடிவமைப்பின்படியே இயங்குகிறது’ என்று எழுதினேன். எங்கள் தொழிலில் இந்த ஒரு வாசகம் போதும். இது பிழை இல்லை, நாங்கள் நினைத்துச் செய்தது என்று பொருள். அதற்கு மேல் பேச்சு இல்லை.

மறுநாள் காலை அதே படிவத்தைத் திறந்து ஒரு வரி சேர்த்திருந்தாள். டீக்கடைக்காரருக்கு நேற்று நடந்தது நினைவிருக்கிறது, இவளுக்கு நேற்றுத் தான் சொன்ன ‘வேண்டாம்’ நினைவில்லை, ஒவ்வொரு நாளும் புதிதாகச் சொல்கிறாள், இது பிழை. எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுபடி மூடினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாக்கி வேலைகளைப் பேசுவோம். அவள் இதை அங்கே எடுத்தாள். “ஏழு தபா வேணான்னு சொல்லுது சார் அந்தப் பொண்ணு. ஆடுறவருக்கு அத்த வுட்டுட்டுப் போறதுக்கு வழியே இல்ல,” என்றாள்.

“லவ்வுன்னா அப்டித்தாம்மா,” என்றேன். “எங்க ஊட்டம்மாவே எட்டு மாசம் வேணான்னுதான் சொன்னாங்க. இன்னிக்கு வரிக்கும் நல்லாத்தான் கீறோம்.” பிறகு வழக்கமான என் கதையை அவிழ்த்துவிட்டேன். எட்டுப் பத்து வண்டி, பட்டரவாக்கம், ஒன்பதாவது மாதம். மேலாளர் மேசையைத் தட்டி, “மாமே, நீ பெரிய ஆளு,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. “ஒம்போதாவது மாசத்துல இன்னா மாறுச்சு சார்?” என்று கேட்டாள்.

“இன்னா மாறணும்?”

“எட்டு மாசமா ஒரே பதிலு. அப்பால வேற பதிலு. நடுவுல எதுனா ஒண்ணு மாறியிருக்கணும்ல சார். மாறாம பதில் எப்டி மாறும்?”

“மனசு மாறுச்சு.”

“அதான் சார், எதனால?”

அவள் குத்திக்காட்டவில்லை. அவளுடைய வேலையே அதுதான். ஒரு பதில் இன்னொன்றாக மாறினால், மாற்றியது எது என்று தேடிப் பிடிக்க வேண்டும். மேலாளர் அடுத்த விஷயத்துக்குத் தாவினார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இருபது வருடமாக எல்லோரும் கைதட்டிய கதையில் நேற்று வந்த பெண் ஓட்டை போடுகிறாளே என்று பொருமினேன். திங்கட்கிழமை அந்தப் படிவத்தை மூன்றாவது முறையாக மூடினேன். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ‘இந்த வகை விளையாட்டுக்கு இவர் பொருத்தமானவர் இல்லை’ என்று மேலாளருக்கு ஒரு கடிதமும் எழுதினேன். பிள்ளைகள் கூட்டல் கழித்தல் பழகும் விளையாட்டுக்கு அவளை மாற்றிவிட்டார்கள். தண்ணீர் பாட்டிலையும் டிபன் பையையும் எடுத்துக்கொண்டு ஜன்னலோரத்து மேசைக்குப் போனாள். நான் கணினியைப் பார்ப்பது போல் பாவனை செய்தேன். வெட்கக்கேடு.

ஆளை மாற்றிவிட்டேனே தவிர அவள் கேள்வி என் மேசையிலேயே தங்கிவிட்டது. ஒன்பதாவது மாதத்தில் என்ன மாறியது? நான் என்ன புதிதாகச் செய்தேன்? ஒன்றுமே இல்லை. அதே ஆள், அதே சட்டை, அதே பல்லிளிப்பு. பின்னே எதனால்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாஷிங் மெஷின் தண்ணீர் இறங்காமல் நின்றுவிட்டது. மகன் திருச்சியில் ஹாஸ்டலில் இருக்கிறான், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நனைந்த பெட்ஷீட்டை மாடிக்குத் தூக்கிப் போய் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கம் மின்சார ரயில் நிறுத்தும் கார்ஷெட்டில் வண்டி ஒன்று விட்டு விட்டு ஹார்ன் அடித்தது.

“அப்ப எட்டு மாசம் வேணான்னு சொன்னியே, அப்பால எப்டி சரின்ன?” என்று கேட்டேன்.

“இன்னாயா திடீர்னு?”

“சும்மாதான். ஆபீஸ்ல பேச்சு வந்துச்சு.”

“ஆபீஸ்ல என்னப் பத்தி இன்னா பேச்சு?”

வசமாக மாட்டிக்கொண்டேன். எழுதுகிற விளையாட்டில் ரயிலில் வரும் பெண் ஒருத்தி இருக்கிறாள், கொஞ்சம் உன்னை மாதிரி, என்று பூசி மெழுகினேன். அவள் பெட்ஷீட்டைக் கொடியில் போட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, “காட்டு,” என்றாள். போனில் திறந்து கொடுத்தேன். தண்ணீர்த் தொட்டியின் படியில் உட்கார்ந்தாள்.

“கதைக்கு இன்னாத்துக்கு வயசு கேக்குது?”

அந்த வாசலை நான் மறந்தே போயிருந்தேன். மூன்றாவது பாகத்தையும் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லி முடிக்கும்வரை அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காது சுட்டது. திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து ‘ஆம்’ என்பதை அழுத்தி வாசிக்க ஆரம்பித்தாள்.

“‘எனக்கு நேரமாச்சு, வழி விடுங்க’. இது நான் சொன்னதுதான?”

“ஆமா.”

“இதுவும் நான் சொன்னது.” வாசித்துக்கொண்டே போனாள். ஐந்தாவது மறுப்பில் நின்றாள். நான் எழுதியிருந்தது இது: கடைக்கண்ணால் சிரித்துக்கொண்டே, ‘பின்னால வராதீங்க, ப்ளீஸ்’ என்றாள்.

“நான் எங்க சிரிச்சேன்?” என்றாள். “அன்னிக்கு அழுதுகினு இருந்தேன்.”

நான் பொய் எழுதவில்லை. சத்தியமாக என் நினைவில் அந்த முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. இருபது வருடமாகச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பை நான் எங்கிருந்து கொண்டுவந்து ஒட்டினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அவள் மேலே வாசித்தாள். அடுத்த இடத்தில் ஆடுகிறவருக்கு ஒரு புதிர் வைத்திருந்தேன். அந்தப் பெண் வண்டியை மாற்றிவிட்டாள், எந்த வண்டியில் வருகிறாள் என்று கண்டுபிடி. கண்டுபிடித்தால் ஐம்பது புள்ளி. அவள் என்னோடு கண்ணாமூச்சி ஆடினாள் என்றுதான் அந்தக் காலத்தில் நான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

“ஏழு நாப்பது வண்டிக்கு மாறினேன்,” என்றாள், போனைப் பார்த்துக்கொண்டே. “ஒரு வாரத்துல நீ அங்க நின்ன. லேடீஸ் பொட்டில ஏறினேன். பட்டரவாக்கத்துல எனக்கு முன்னாடி எறங்கி நின்ன. அப்பால சிடிஹெச் ரோடு வரிக்கும் நடந்து போயி பஸ்ஸு புடிச்சேன். தெனம் லேட்டாச்சு, சூப்பர்வைசரு எல்லாரு முன்னாடியும் கத்துவாரு. திரும்பி வண்டிக்கே வந்தேன்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?” என்றேன். அந்தக் கேள்வி வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அதன் லட்சணம் எனக்கே புரிந்தது.

“எத்தினி தபா சொல்றது?” என்று போனை நீட்டிக் காட்டினாள். “அதான் எல்லாத்தையும் எழுதி வச்சிகீறியே.”

பிறகு மீதியைச் சொன்னாள். “அந்த மாசம் எங்கண்ணன் உன்னப் பாத்துட்டான். யாரு அவன்னான். தெரியாதுன்னேன். தெரியாதவன் இன்னாத்துக்கு தெனம் பின்னால வரான், நீ இன்னா பண்ணேன்னான். இனிமே வேலைக்கி அனுப்ப வேணான்னு ஊட்ல பேசிகினாங்க. எனக்கு அந்த வேல புடிச்சிருந்துச்சு. அப்பதான் மெஷின்லேர்ந்து செக்கிங்குக்கு மாத்தியிருந்தாங்க. உன்ன நிறுத்த முடியல. கல்யாணம் பண்ணிக்கிறவன்னு சொல்லிட்டா வேலைய நிறுத்த மாட்டாங்கன்னு நெனச்சேன். அதான் சரின்னேன்.”

“அதான் மாறுச்சா?”

“அதான்.”

அந்த வேலையை அவள் மூன்று வருடம் செய்தாள். மகன் பிறந்ததும் போதும் என்று நிறுத்தியது நான்தான். இதை அவள் அன்று சொல்லவில்லை. எனக்கே நினைவு வந்தது.

“அப்ப என்ன உனக்குப் புடிக்கவே இல்லியா?”

“பயமா இருந்துச்சு. கல்யாணம் ஆகி கொஞ்ச நாள் கழிச்சுப் புடிச்சிது. நீ கெட்டவன்லாம் கெடையாது.” எழுந்து பக்கெட்டை எடுத்தாள். “ஆனா அது அப்பால.”

நியாயமாக நான் மறுநாளே விளையாட்டைத் திருத்தியிருக்க வேண்டும். முயன்றேன். அவள் வேண்டாம் என்றதும் அந்தக் கதை அங்கே முடிந்துவிட வேண்டும், ஆடுகிறவர் ரயிலில் வேறு இடத்துக்குப் போகலாம் என்று எழுதிக் கொண்டுபோனேன். மேலாளர் வாசித்துவிட்டுச் சிரித்தார். “மச்சான், அவ வேணான்னா கேம் முடிஞ்சிடும். ரெண்டாவது நிமிசத்துல முடியிற கேம எவன் ஆடுவான்?” என்றார். வெளிநாட்டுக்காரர்களும் அதையே நாசூக்காக எழுதினார்கள். அங்கே நான் அழுத்திச் சொல்லியிருக்கலாம், வேலையை விடுகிறேன் என்று எழுந்திருக்கலாம். எதையும் செய்யவில்லை. விளையாட்டு நான் முதலில் எழுதியபடியே வெளியே போனது. அந்தச் சிரிப்பு உட்பட. ஒருவர் அதன் கீழே, ‘விடாம கேட்டா கிடைக்கும், இதுதான் நிஜ லைஃப்’ என்று எழுதி ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். அந்த ஆளை நான்தான் பயிற்சி கொடுத்து அனுப்பியிருக்கிறேன் என்று தோன்றியது. அவர் எந்த ஸ்டேஷனில் எந்தப் பெண்ணுக்காக நிற்கிறாரோ.

சோதனைப் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் கேள்விக்கு வீட்டில் பதில் கிடைத்ததையும் சொன்னேன். ‘அண்ணன் பார்த்துவிட்டார்’ என்பதுவரை கேட்டுவிட்டு, மேலே சொல்ல வேண்டாம் என்பது போலத் தலையசைத்தாள். “தெரியும் சார். எங்க சைடுலயும் அப்டித்தான் நடக்கும்,” என்றாள். பிறகு கூட்டல் கழித்தல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கே அது யாருக்கு நடந்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மனைவியிடமும் மன்னிப்புக் கேட்டேன். முதலில் அந்த ஞாயிறு மதியமே கேட்டேன். “வுடுயா, சாப்புடு,” என்றாள். ஒரு வாரம் பொறுத்து மறுபடி கேட்டேன். “எனக்குத் தெரியல,” என்றாள். அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் சாதாரணமாகத்தான் இருந்தாள். காய் வாங்கினாள், மகனோடு போனில் பேசினாள், என் சட்டையில் பட்டன் தைத்தாள். அது எனக்குப் போதவில்லை. அவள் வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது. பாத்திரம் துலக்கும்போது பக்கத்தில் போய் நின்று மூன்றாவது தடவை கேட்டேன். குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாள்.

போன மாதம் நசரத்பேட்டையில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு இருவரும் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல வெயில். பூந்தமல்லி தாண்டி ஒரு கரும்புச்சாறு வண்டியருகே நிறுத்தினேன். டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு, மனசிலிருந்து கேட்கிறேன், என்னை மன்னித்தேன் என்று சொல்லிவிடு என்றேன். குரல் உடைந்துவிட்டது. உண்மையான அழுகைதான், நடிப்பில்லை.

அவள் பாதி குடித்திருந்தாள். டம்ளரை இறக்கி என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை. எட்டுப் பத்து வண்டிக்கு நின்றவளிடம் இருந்த களைப்பு இருந்தது.

“நான் சொல்ற வரிக்கும் இன்னும் எத்தினி தபா கேப்ப?” என்றாள்.

அது நான்காவது தடவை. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அவளும் இதுவரை சொல்லவில்லை.